கோயிலுக்கு வந்த பால்கனி

பிரசங்கத்தின் நடுவில் பெரியவர் சவரிமுத்து காணாமல்போனார்.

ஒரு நொடிக்கு முன்புவரை ஆண்கள் பக்கத்து முதல் வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில், கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநொடி அங்கே அவருடைய உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. அதே வரிசையின் மறுகோடியில் இருந்த கோயில் உபதேசியார் நாற்காலியோடு மேலே போய்விட்டார். பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த சிலுவைப்பாதைப் படத்துக்கு நேராக, கால்கள் தரையைத் தொடாமல் தொங்க, அந்தரத்தில் இருந்தார்.

பீடத்தில் ஃபாதர் அமலதாஸ் அப்போது தாழ்ச்சி என்ற புண்ணியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாக்கியத்தை முடிக்காமல் நின்றுவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கோயில் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சை அடக்கினால் அதற்கும் ஒரு சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் எல்லா முந்தானைகளும் வாய்க்குப் போயின. என்னுடையதும்தான்.

"யாரும் கிட்ட வராதீங்க," என்று தரையிலிருந்து சவரிமுத்துவின் குரல் வந்தது. "நானே எழுந்துக்கறேன்."

"ஐயா, வாணாம்," என்றார் மேலேயிருந்த உபதேசியார். "நீங்க எழுந்தா நான் வுழுந்துடுவேன்."

காலி வண்டி

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற வழியில் இருக்கும் ஓர் ஊரின் மாதா கோயிலுக்குள், சென்னை சினிமா தியேட்டரின் பால்கனி எப்படி வந்தது? அதற்கு என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு: பெயர் அருள்தாஸ். தொழில் லாரி. நல்ல மனுஷன். நல்ல கனம்.

நான் விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். தொண்ணூற்று மூன்றில் அவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன், பிறகு இங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனேன். அவர் இங்கிருந்து சென்னைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது வண்டி காலி. காலி வண்டி ஓட்டுவது அவருக்குப் பெரிய பாவம்.

"பூசைக்குப் போவலன்னாக்கூட சாமி மன்னிச்சுடும் மேரி," என்பார். "காலி வண்டிய மன்னிக்காது."

அந்த வருஷங்களில் சென்னையை உடைத்துக்கொண்டே இருந்தார்கள். பங்களா உடைந்து அடுக்குமாடி ஆனது. லாட்ஜ் உடைந்து நகைக்கடை ஆனது. உடைகிற ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் ஒரு குவியல் கிடக்கும். அதைத் தாண்டி என் கணவரால் வண்டி ஓட்ட முடியாது.

முதலில் ஒரு மாடிப்படி வந்தது. தேக்கு. கைப்பிடி வளைந்து வளைந்து போகும். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. கொல்லையில் சுவரோரம் அதை நிறுத்திவைத்தார். அது ஆகாயத்தைப் பார்த்து ஏறிப்போய் அங்கேயே நின்றது. படிக்கு ஒரு கூடை என்று என் மாமியார் மிளகாய் காயப்போட்டார். விழுப்புரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கடைசிப் படிவரை ஏறி நின்று, இறங்கி வந்தார்.

"காத்து நல்லா வருது," என்று மட்டும் சொன்னார். மருமகனைப் பற்றி அதற்கு மேல் அவர் கருத்து சொன்னதில்லை.

அடுத்து, ஏதோ ஒரு பேங்கின் பித்தளைக் கம்பித் தடுப்பு. அது ஆட்டுப்பட்டிக்குப் போனது. ஆடுகள் கேஷியரிடம் நிற்பதுபோல் ஒவ்வொரு ஓட்டையிலும் தலையை நீட்டித் தழை வாங்கிக்கொண்டன.

அதற்கடுத்து ஒரு லிஃப்ட்டின் மடக்குக் கதவு. இழுத்தால் கடகடவென்று மடங்குமே, அது. குளியலறைக்குக் கதவு இல்லாமல் இருந்ததால் அங்கே மாட்டினார். உள்பக்கம் ஒரு துப்பட்டியைத் திரையாகத் தொங்கவிட்டோம். கதவின் நெற்றியில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது: ஒரே சமயத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்ப்பார்கள்.

தியேட்டர் வந்து இறங்கியது

பிறகுதான் அந்தத் தியேட்டர். பெயர் வேண்டாம். சொன்னால், உங்களில் பலர் அங்கே படம் பார்த்த கதையை எழுதி அனுப்பிவிடுவீர்கள்.

நாற்காலிகள் உண்மையில் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காக எடுத்தவை. மண்டபத்துக்காரர் ஆசையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் துள்ளி எழுந்து, இடுப்பைச் சொறிந்துகொண்டே, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூட்டைப்பூச்சி. சுமையோடு வண்டி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது.

கொல்லை நிறைந்துபோனது. ஆறு ஆறாகச் சேர்ந்த வரிசைகள், வார்ப்பிரும்புக் கால்கள். பாதி வரிசை வெறும் பலகை. மீதி, சிவப்பு ரெக்சின் போட்ட பால்கனி. வெயில் ஏற ஏற அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. சிகரெட், தலை எண்ணெய், இடைவேளை முறுக்கு, ஈரத் துணி, எல்லாம் கலந்து. கைப்பிடிகளின் அடியில் விரலை விட்டால் பெயர்கள் தட்டுப்பட்டன. யாரோ சாவியால் கீறியவை.

என் மாமியார் செபஸ்தியம்மா வந்து பார்த்தார். நடு வரிசையில் போய் உட்கார்ந்து, மாடிப்படியைப் பார்த்தபடி கேட்டார்: "படம் எப்படா போடுவ?"

எங்களைக் காப்பாற்றியவர் ஃபாதர் அமலதாஸ். ஊருக்குப் புதிதாக வந்திருந்தார். வயசானவர்கள் பூசை முழுக்கத் தரையில் உட்கார்ந்து கால் மரத்து, எழுந்திருக்க இரண்டு ஆள் கை கொடுப்பதைப் பார்த்திருந்தார். "கோயிலுக்குக் குடுத்துடுங்க அருள்," என்றார். நாற்காலிகளைச் சாலையில் பரப்பி வெயிலில் காயவைத்து, கொதிதண்ணீர் ஊற்றினோம். ஊர்க்கோழிகள் எல்லாம் கூடிவிட்டன. சென்னை மூட்டைப்பூச்சியை அவை விரும்பிச் சாப்பிட்டன.

முன்னால் எது, பின்னால் எது

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் வடக்குத் தெருக்காரர்கள் முன்னால் உட்காருவார்கள். தெற்குத் தெரு பின்னால். என் கணவர் வீடு தெற்குத் தெரு. நடுவில் சுவரோ கயிறோ கிடையாது. ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் தரை இருக்கும். யாரும் அதில் உட்காரமாட்டார்கள். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு, விவரம் தெரியாமல் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "உங்க எடம் அங்க கீதும்மா." எழுந்து பின்னால் நடந்தேன். அந்தப் பத்தடிக்கு நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்காலி வந்ததும் அந்தப் பாய் அளவுத் தரை காணாமல்போகும் என்று ஃபாதர் நினைத்தார். பாவம், ஊருக்குப் புதிது. சிவப்பு ரெக்சின் வரிசைகள் முன்னால் போயின, வடக்குத் தெருவுக்கு. பலகை வரிசைகள் பின்னால், எங்களுக்கு. நடுவில் அதே இடைவெளி. இப்போது அதற்கு நாற்காலியால் கரை வேறு கட்டியிருந்தது.

முதல் வரிசையின் நடைபாதைக் கோடியில் சவரிமுத்து உட்கார்ந்தார். கோயிலின் மொசைக் தரையைப் போட்டுக் கொடுத்தது அவருடைய அப்பா. ஆகவே அந்த இடம் அவருடையது.

பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, என்னைக் கூட்டிப்போக வந்த என் கணவர் அவரிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்குச் சூது தெரியாது.

"ஐயா, மாத்திப் போட்டுட்டாங்க. பால்கனின்னா பின்னாடி இருக்கணும். தியேட்டர்ல முன்னாடி உட்கார்றது தரை டிக்கெட்டு."

சவரிமுத்து முகம் மாறியது. "இன்னாடா சொல்ற?"

"ஆமாங்கய்யா. காசு உள்ளவன் பின்னாடிதான் உட்காருவான். முன்னாடி உட்கார்றவன்தான் விசில் அடிப்பான்."

அடுத்த ஞாயிறு வடக்குத் தெரு ஆட்கள் விடியற்காலையிலேயே வந்து சிவப்பு வரிசைகளைப் பின்னால் இழுத்துப்போட்டார்கள். பலகை வரிசைகள் முன்னால் வந்தன. நாங்கள் முன்னால் உட்கார்ந்தோம். பீடம் அவ்வளவு பக்கத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். மெழுகுவத்தி உருகுகிற வாசனைகூட வந்தது.

நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்கும் நேரம் வந்தது. முன்வரிசைதானே முதலில் எழும்? தெற்குத் தெரு முழுவதும் வாங்கி முடிக்கும்வரை வடக்குத் தெரு பின்னால் நின்றது. சவரிமுத்து மின்விசிறி இல்லாத இடத்தில், வியர்த்துக்கொண்டு, ஊரிலேயே கடைசி ஆளாக நாக்கை நீட்டினார்.

அடுத்த ஞாயிறு சிவப்பு வரிசைகள் மறுபடியும் முன்னால் போயின.

இப்படி இழுத்ததில்தான் முதல் வரிசையின் இரண்டு கோடிக் கால்களும் உடைந்தன. நடுக்கால்கள் மட்டும் மிச்சம். அதாவது, சின்னப் பிள்ளைகள் பூங்காவில் ஏறி இறங்கி விளையாடும் பலகை இருக்கிறதே, அது. அதன் ஒரு கோடியில்தான் அந்த ஞாயிறு சவரிமுத்து உட்கார்ந்தார். உடைந்த கால் தெரிந்த மற்றவர்கள் அந்த வரிசைப் பக்கமே போகவில்லை. ஒல்லியான உபதேசியார் மட்டும் மரியாதைக்காக மறுகோடியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் கால்களை ஊன்றிச் சமாளித்தார்கள். பிரசங்கம் நீளவே சவரிமுத்து கண்ணயர்ந்தார்.

செங்கல், மூட்டை, அருள்தாஸ்

சவரிமுத்துவைத் தூக்க நாலு பேரும், உபதேசியாரை இறக்க இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம் கூடியது.

தரையில் துளை போட்டு நாற்காலியை இறுக்கிவிடலாம் என்றார் ஃபாதர்.

"எங்க நைனா போட்ட தரையில ஓட்டையா?" என்றார் சவரிமுத்து. இடது முழங்கையில் மஞ்சள் பத்து போட்டிருந்தது.

திண்டிவனத்திலிருந்து வெல்டிங்காரர் வந்து பார்த்து, வார்ப்பிரும்பில் வெல்டிங் நிற்காது என்று போய்விட்டார். உடைந்த காலுக்கு அடியில் செங்கல் அடுக்கலாம் என்றார் உபதேசியார்.

"எல்லார் நாற்காலியும் சும்மா இருக்கும். என்னுதுக்கு மட்டும் அடுப்பு மாதிரி செங்கல்லா?"

"அப்ப நடுவுல உட்காருங்க ஐயா."

"ஓரத்துல உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம்."

மறுகோடியில் பாரம் வைப்பது என்று முடிவானது. ஒரு மல்லாட்டை மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். சவரிமுத்து உட்கார்ந்தார். அசையவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நற்செய்தி வாசிக்க ஊரே எழுந்து நின்றபோது சவரிமுத்துவும் எழுந்தார். மூட்டை எழவில்லை. மறுகோடி தடால் என்று இறங்கியது. மூட்டை பிரிந்து மல்லாட்டை கோயில் முழுக்க உருண்டது. நற்செய்தி முடியும்வரை பிள்ளைகள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டே காலால் ஆளுக்கு நாலு தள்ளிக்கொண்டார்கள்.

ஆக, வேண்டியது பாரம் மட்டுமல்ல. அவர் உட்காரும்போது உட்கார்ந்து, எழும்போது எழுகிற பாரம். அதுவும் அவருடைய கனத்துக்கு. வடக்குத் தெருவில் அப்படி யாரும் இல்லை. அவருடைய தம்பி ஒருவர் நல்ல கனம்தான். ஆனால் வரப்புத் தகராறில் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

பூசைக்குப் பிறகு மறுபடி கூடிய கூட்டத்தில் எல்லோர் கண்ணும் மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. என் கணவர் வேப்பமரத்தடியில் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்துவும் திரும்பிப் பார்த்தார். முழங்கையைத் தடவினார். தெற்குத் தெரு ஆள் முதல் வரிசையில் உட்கார்வதா, தான் மறுபடி விழுவதா என்று அவர் மனசுக்குள் எடை போட்டது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"அருளு," என்று கூப்பிட்டார் கடைசியில். "ஞாயித்துக்கெழம இன்னா பண்ற?"

"மெட்ராஸ் லோடு இருக்குங்கய்யா."

"சனிக்கெழமையே போய்ட்டு வந்துடு."

அப்படித்தான் என் கணவர் முதல் வரிசைக்குப் போனார். அதுவரை கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தவர் ஞாயிறு தவறாமல் வந்தார். எத்தனை ஜெபமாலை சொல்லியும் எனக்குக் கிடைக்காத வரம் அது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தலையசைத்து, ஒன்றாக உட்காருவார்கள். ஒன்றாக எழுவார்கள். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான். பிறகு சவரிமுத்துவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. லாரி வரத் தாமதமானால் உட்காரமாட்டார். நின்றுகொண்டே வாசலைப் பார்ப்பார். மூத்தவர் நிற்கும்போது மற்றவர்கள் எப்படி உட்கார்வது? கோயிலே நிற்கும். ஃபாதர் பூசையைத் தொடங்காமல் காத்திருப்பார். லாரி ஹாரன் கேட்டதும் சவரிமுத்து அங்கிருந்தே கத்துவார்: "ஜல்தி வாப்பா! நீ இல்லாம நான் எப்புட்றா உட்கார்றது?"

ஒரு மாரிக்காலத்தில் என் கணவர் காய்ச்சலில் படுத்து இளைத்துப்போனார். சவரிமுத்து தினமும் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகில் நின்று உடம்பைப் பற்றி விசாரித்தார். போகும்போது என் மாமியாரிடம் ரகசியமாகக் கேட்டார்: "சாப்பாடு ஒழுங்கா எறங்குதா? கேப்பைக் கூழ் குடுங்க. முட்ட குடுங்க." எங்கள் வீட்டு வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. காய்ச்சல் விட்டு வந்த ஞாயிறே, எடை குறைந்த என் கணவரை ஈடுகட்ட, பக்கத்து நாற்காலியில் தெற்குத் தெருவிலிருந்து இன்னொருவர் உட்காரவைக்கப்பட்டார். அவர் உட்கார்ந்தபின் அவருடைய மனைவி ஏன் பின்னால் உட்கார வேண்டும் என்று பெண்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியது நான்தான்.

இடைவெளி ஒரே நாளில் மறையவில்லை. சில குடும்பங்கள் இன்றுவரை பின்னாலேயே உட்காருகின்றன. சிலர் கோபித்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பூசைக்குப் போனார்கள். ஆனாலும் அந்தப் பாய் அளவுத் தரையில் யார் யாரோ உட்காரத் தொடங்கிவிட்டார்கள்.

சென்னையிலிருந்து ஒரு வேன்

வருஷங்கள் போயின. செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிகிற நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. தொப்பியும் கேமராவுமாக ஒரு கூட்டம் இறங்கியது. மாலதி என்ற பெண் அவர்களுக்குத் தலைவி. சென்னையில் மறைந்துகொண்டிருக்கும் அன்றாடப் பொருள்களைத் தேடி ஞாயிறுதோறும் நடப்பவர்களாம். பழைய டீக்கடை மேசை, தெருக்குழாய், கடைப் பலகை எல்லாவற்றையும் படம் எடுப்பார்களாம். தியேட்டர் நாற்காலிகளை விசாரித்து விசாரித்து எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய வாழ்நாள் கிறுக்குக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. "வீட்ல இன்னும் கீதும்மா," என்று எல்லோரையும் அழைத்துவந்தார். மாடிப்படியில் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். ஆடுகளைப் படம் எடுத்தார்கள். பிறகு லிஃப்ட் கதவுக்கு வந்தார்கள்.

"எவ்வளவு அழகு!" என்று மாலதி கதவைத் தடவினாள். கூட்டம் சுற்றி நின்றது. கேமராக்கள் மின்னின.

"யார்றா அது?" என்று உள்ளிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. "குளிச்சுக்கினு கீறேன்ல?"

கோயிலுக்குத் திரும்பி வந்ததும் மாலதி விஷயத்துக்கு வந்தாள். பால்கனி வரிசைகளைக் கொடுத்தால் கோயிலுக்குப் புது பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கித் தருவார்களாம். ஃபாதர் அமலதாஸுக்குப் பிறகு புதிதாக வந்திருந்த பங்குச் சாமிக்கு ஆசைதான்.

எனக்குப் பழைய பாய் அளவுத் தரை ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி ஒற்றை ஒற்றையாக இருக்கும். அவரவர் வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். இதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, சவரிமுத்து கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"எங்க நைனா போட்ட மொசைக் மேல பிளாஸ்டிக்கா? அதெல்லாம் ஒத்துவராது. வேணும்னா போட்டோ எடுத்துக்க."

பேச்சு முடிந்தது. போட்டோவுக்காக முதல் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். ஒரு கோடியில் சவரிமுத்து, மறுகோடியில் என் கணவர். நடுவில் சவரிமுத்துவின் மனைவி, உபதேசியார், தலை ஈரம் காயாத என் மாமியார், நான்.

ஒரே ஒரு திருத்தம்

சில மாதம் கழித்துச் சென்னையில் கண்காட்சி. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். என் கணவர் லாரியில் மல்லாட்டையை ஏற்றி, கேபினில் எங்களை ஏற்றினார். ஜன்னலோரம் சவரிமுத்து. திண்டிவனத்தில் ஏறிய பேச்சு தாம்பரம்வரை நிற்கவில்லை.

பழைய கட்டடம். உயரமான கூரை. எங்கள் ஆட்டுப்பட்டியின் படம் ஒரு சுவர் முழுக்க மாட்டியிருந்தது. நடு அறையில் எங்கள் ஆறு பேர் படம். அதற்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை. நான்தான் முதலில் படித்தேன். படித்ததும் என் கணவரின் கையைப் பிடித்தேன்.

அட்டையில் இப்படிப் போட்டிருந்தது: பழைய சென்னைத் தியேட்டரின் பால்கனி வரிசையில் ஒரு கிராமத்துக் குடும்பம், திண்டிவனம் அருகே.

என் கணவரும் படித்தார். இருவரும் சவரிமுத்துவைப் பார்த்தோம். அவர் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, அட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பவும் படித்தார். முகம் சிவந்தது.

"யாரும்மா இத எழுதனது?"

மாலதி பதறி ஓடிவந்தாள். "நான்தான் சார். ஏன் சார், தப்பா?"

"தப்பா இல்லியா? எங்க ஊர்ல பஸ் நிக்குது. பேங்க் வந்துடுச்சு. அடுத்த வருஷம் பேரூராட்சி ஆவப்போவுதுன்னு பேசிக்கினு இருக்காங்க. கிராமம்னு போட்டு வெச்சிருக்க? பேனா குடு."

அவள் கொடுத்தாள். சவரிமுத்து ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, 'கிராமத்து' என்ற சொல்லின்மேல் கோடு போட்டார். ஒன்று போதாமல் இன்னொன்றும் போட்டார்.

"வேற ஏதாவது மாத்தணுமா சார்?" என்று கேட்டாள் மாலதி.

அவர் மறுபடி குனிந்து, மிச்சம் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாணாம். மத்ததெல்லாம் சரியாத்தான் கீது," என்று சொல்லி, அவளுடைய பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஆடுகளைப் பார்க்கப் போனார்.